தாத்தாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

‘எங்க தாத்தா கறியும் பீடியுமாகவே 90 வயதுவரை இருந்தார், மாரடைப்பு தலையெழுத்து’ என்கிறார் திருநகர் நண்பர். பிழைத்தவரை மட்டும் எண்ணும் கணக்கு இது. நாற்பதிலேயே போனவர்கள் இதில் வரமாட்டார்கள். தாத்தா வயலுக்கு நடந்தார். பேரனோ மூன்றாவது ஸ்டாப் டீக்கடைக்கே பைக்கில் போகிறார்.

52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்பின் அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை உள்ளிட்ட ஒன்பது காரணங்களைக் காட்டியது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி.

பரம்பரை உண்டுதான், அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதலில் பிரஷரைப் பாருங்கள். புகையை இன்றே விடுங்கள்.