மிஸ் வந்தால் கதவைச் சாத்தும் ஊர்



கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுகிறோம். கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வேணும், விசேட வைத்தியர் வேணும் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், அது உரிமை. ஆனால் உச்சி வெயிலில் ஸ்கூட்டியில் வந்து நம் படலையில் நிற்கும் மிட்வைஃப் மிஸ்ஸை என்ன செய்கிறோம்? "உம்மா வீட்டில இல்லையெண்டு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோம். அடுத்த நாள் அதே பிள்ளைக்கு நாங்கள் வகுப்பில் "பொய் பேசாதே" என்று படிப்பிக்க வேண்டும்!

"அவ திரிபோஷா குடுக்கிறவதானே" என்கிறார்கள். கர்ப்பிணியைப் பதிவது யார்? கிளினிக்குக்கு வராத தாயைத் தேடிப் போவது யார்? பிரசவம் முடிந்து வந்ததும் வீட்டுக்கு வந்து தாயையும் சிசுவின் தொப்புளையும் பார்ப்பது யார்? 1926இல் களுத்துறையில் தொடங்கிய முறை இது. 1993க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை என்றால், இப்படி வீடு வீடாக நடந்த கால்கள்தான் காரணம்.

1990இல் விரட்டப்பட்ட பிறகு, எங்களில் பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பிறந்தோம். அங்கே நிறை பார்த்து ஊசி போட்ட மிஸ் எந்த இனம் என்று நம் உம்மாமார் கேட்கவில்லை. இன்று எல்லாம் இருக்கும்போது நமக்குச் சந்தேகம் வருகிறது.

2017 முதல் ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பாடசாலையில் போடுகிறார்கள். சம்மதக் கடிதம் எங்கள் கைக்குத்தான் திரும்பி வரும். சிலதில் "வேண்டாம்" என்று இருக்கும். கேட்டால், பின்னாளில் பிள்ளை பிறக்காது என்று வட்ஸ்அப்பில் யாரோ சொன்னாராம். யார் அவர்? தெரியாது. மிஸ்ஸைப் பத்து வருசமாகத் தெரியும். ஆனாலும் தெரியாதவரைத்தான் நம்புகிறோம்.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வருசக் கடைசியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி நுளம்பு நம் மன்னார்த் தீவுக் கிணறுகளில் பிடிபட்டது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்த மலேரியா தடை இயக்க ஊழியர்களால்தான் அது தெரிய வந்தது. "எங்கட கிணத்தில உங்களுக்கென்ன வேலை?" என்று அவர்களோடு சண்டை பிடித்தவர்களும் நாம்தான்.

கடைசியாக ஒன்று. "கிளினிக்கில நம்மட பிள்ளை ஒண்டும் இல்லையே" என்று குறை சொல்கிறோம். எங்கிருந்து வரும்? உயர்தரம் சித்தியடைந்த மாணவி ஒருத்திக்கு மிட்வைஃப் பயிற்சி விண்ணப்பம் எடுத்துக் கொடுத்தோம். மடித்தபடியே திரும்பி வந்தது. "வீடு வீடாத் திரியிற வேலை, மாப்பிள்ளை கிடைக்குமா?" என்றார் வாப்பா. மதீனாப் பள்ளிவாசலில் கூடாரமடித்துக் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்த ருபைதா (ரழி) அவர்களைப் பற்றி, அதே பிள்ளையை மீலாத் மேடையில் பேச வைத்துக் கைதட்டியவர்கள் நாம்.

பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள்: ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: நாளை மிஸ் வந்தால் படலையைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். அந்த விண்ணப்பம் இன்னும் எங்கள் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. வாப்பா மனம் மாறினால் வந்து கேட்கட்டும்.