டாக்டர் கேட்கட்டும், நீங்கள் சொல்லுங்கள்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மூட்டையைப் பிரித்தால் தெருவே மணக்கும். பேனா போலிருக்கும் இ-சிகரெட்டிலும் பழ வாசனை வீசும். ஆனால், அதில் பெரும்பாலும் நிகோடின் நஞ்சு இருக்கும். பழகிவிட்டால் லேசில் விடாது.

இதை 2018இல் தமிழக அரசும், 2019இல் மத்திய அரசும் தடை செய்தன. அப்படியும் திருட்டுத்தனமாக விற்பவர்கள் உண்டு. ஆகவே, தடை மட்டும் போதாது. அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் மருத்துவக் குழுவினர், கண், பல் பார்ப்பதோடு, "இதைப் புகைத்தாயா?" என்றும் தனியே அழைத்து, அன்பாகக் கேட்க வேண்டும். குரங்கணி போன்ற மலையூர்ப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. அதட்டினால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

அவர்கள் கேட்டால், நீங்களும் மறைக்காதீர்கள். காய்ச்சலைச் சொல்ல வெட்கப்படுவோமா? இதுவும் அப்படித்தான். பழக்கத்தை விட உதவ, 1800 112 356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.