ஆண் மீனுக்கு முட்டை!

ஆண் மீனின் உடலில் முட்டை! கனடா ஏரி ஒன்றில் கண்டது இது. 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோனை விஞ்ஞானிகள் அதில் கலந்து பார்த்தனர். லிட்டருக்கு எவ்வளவு? ஒரு கிராமை 100 கோடிக் கூறாக்கினால், அதில் 5, 6 கூறுதான்! சிறு மீன் இனம் ஒன்று ஏறக்குறைய அழிந்தது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் சென்றபின் மீண்டது.

இந்த ஹார்மோன் சாக்கடை வழியே ஆறுகளில் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடுத் துகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் அதைச் சிதைக்கும். சோதனைச்சாலை கண்ட உண்மை இது. பிறகு காந்தத்தால் துகளைத் திரும்ப எடுக்கலாம்.

ஆனால், துகளை ஆற்றில் கொட்டலாகாது. அதுவே மீனுக்குத் தீங்காகலாம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வேலை முடியவேண்டும். செலவாகும், ஆகட்டும். மீன் மறைந்தபின் வருந்தி என்ன பயன்?