அலையின் கீழே ஓர் அலை

பிறை கண்டு மாதத்தைக் கணக்கிடும் இல்லங்களில் வாழும் உங்களுக்கு, நிலவுக்கும் கடலுக்கும் உள்ள உறவு புதிதன்று. பிறை தோன்றும் நாட்களிலும் பதினான்காம் இரவை ஒட்டியும் ஓதம் ஓங்குவதைக் கடற்கரை ஊர்களில் சிறுவரும் அறிவர். ஆயினும், நிலவு கடலுக்கு ஊட்டும் அந்த ஆற்றல் பின்னர் எங்கே செல்கிறது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. கரையோரத்து ஆழமற்ற கடல்களிலேயே அது முற்றும் அடங்கிவிடுகிறது என்றுதான் அறிஞர்களும் நெடுங்காலம் கருதினர். செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு வேறு கதையைச் சொன்னது. அவ்வாற்றலில் கால் பங்கிற்கும் மேற்பட்டது ஆழ்கடலின் நடுவே செலவாகிறது என்பதே அது.

அது செலவாகும் விதம் எண்ணி வியக்கத்தக்கது. கடல் ஒரே நீராகத் தோன்றினும் உண்மையில் அடுக்கடுக்காக அமைந்தது. மேலே வெதுவெதுப்பான இலேசான நீர். கீழே குளிர்ந்த கனத்த நீர். ஓதநீர் கடலடி மலைகளின் மீது ஏறி இறங்கும்போது இவ்வடுக்குகளின் எல்லை அசைந்து, அங்கே அலைகள் பிறக்கின்றன. இவற்றை உள்ளலைகள் என்பர். இரு நீர்களுக்கும் எடை வேற்றுமை சிறிதே ஆதலால், இவ்வலைகள் மெல்ல நகர்ந்து மிக உயரமாக எழுகின்றன. தென்சீனக் கடலில் இவற்றின் உயரம் 200 மீட்டரையும் கடக்கிறது.

நான்சென் என்னும் நார்வே நாட்டு ஆய்வாளரின் ‘ஃப்ராம்’ கப்பல், 1893இல் சைபீரியக் கரையோரம் காரணமின்றித் தயங்கி நின்றது. உப்புநீரின் மேல் நன்னீர் படர்ந்திருந்ததால், கப்பலின் உந்துதல் முழுவதும் உள்ளலைகளை எழுப்புவதிலேயே செலவாயிற்று என எக்மன் என்பார் 1904இல் விளக்கினார். அந்தமான் கடலிலும் பெரும் உள்ளலைகள் உண்டு. 1970களில் அங்கு எண்ணெய் தேடித் துளையிட்டபோது அவை அளக்கப்பட்டு, 1980இல் அம்முடிவுகள் வெளியாயின. அந்தமான் பக்கத்தில் பிறக்கும் உள்ளலைகள் வங்கக் கடலைக் கடந்து, சில நாட்களுக்குப் பின் திருகோணமலைத் துறைமுக நீரையே ஊசலாடச் செய்கின்றன!

இறுதியில் இவ்வலைகள் உடைகின்றன. பெரிய அசைவு சிறிய சுழல்களாகவும், அவை அதனினும் சிறியனவாகவும் பிரிந்து, சில சென்டிமீட்டர் அளவில் நீரோடு நீர் கலந்து, எஞ்சிய ஆற்றல் வெப்பமாய் மறைகிறது. இச்சிறு கலப்பு இல்லையேல், துருவப் பகுதிகளில் மூழ்கும் குளிர்நீர் ஆழத்தை நிரப்பித் தேங்கிக் கிடக்கும். ஆழத்தின் சத்துகள் மேலே வாரா. மீனுக்கு இரை குறையும். ஆழ்கடல் இவ்வாறு கலந்திருக்க ஏறத்தாழ 2 லட்சம் கோடி வாட் ஆற்றல் தேவையென்றும், அதில் பாதியை ஓதமும் மறுபாதியைக் காற்றும் வழங்கக்கூடும் என்றும் வால்டர் மங்க், கார்ல் வுன்ஷ் ஆகிய இருவரும் 1998இல் கணித்தனர்.

இது அறிஞர்களின் பொழுதுபோக்கு எனக் கருதிவிடாதீர்கள். புவி வெப்பமாவதால் சேரும் மிகுதி வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடலே ஏற்கிறது. மேல்நீர் சூடேற ஏற, அது மேலும் இலேசாகிக் கீழ்நீரோடு கலக்க மறுக்கிறது. அவ்வெப்பம் எவ்வளவு ஆழம், எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதைப் பொறுத்தே கடல்மட்டம் உயரும் வேகமும் அமையும். காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் காத்தான்குடியும் கடலோரத்தில் அன்றோ உள்ளன!

வருங்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் கணினிகளோ பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகக் கடலைப் பகுத்துப் பார்ப்பவை. சென்டிமீட்டர்ச் சுழல் அவற்றின் கண்ணுக்குப் புலப்படாது. அதன் விளைவைத் தோராய அளவாகவே சேர்க்கின்றனர். அவ்வளவு சரியாக இருக்க வேண்டுமாயின் கடலிலேயே சென்று அளந்தாக வேண்டும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் வரை இறங்கி வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகின்றன. நுண்சுழல்களை நேரே அளக்கும் கருவிகளோ மிகச் சில. பிரேசிலுக்குக் கிழக்கே நடந்து 1997இல் வெளியான ஆய்வு, சமவெளியான கடலடியில் கலப்பு மெலிந்தும், கரடுமுரடான மலைச்சரிவின் மேல் மிக வலுத்தும் இருப்பதைக் காட்டியது. ஓரிடத்து அளவை எங்கும் பொருத்துதல் தவறு என்பதற்கு இதுவே சான்று. ஆகவே வங்கக் கடலை வங்கக் கடலிலேயே அளக்க வேண்டும். அதுவும் ஓராண்டு ஈராண்டோடு நின்றுவிடாமல் தொடர்ந்து அளக்க வேண்டும்.

மிதவைக்கும் ஆய்வுக் கப்பலுக்கும் ஒதுக்கும் பொருள் வீண்செலவன்று. சிக்கனம் பேசும் ஆட்சியாளர் முதலில் கைவைப்பது இத்தகைய நெடுநாள் அளவீடுகளின் மீதே. இடையில் விடுபட்ட ஓராண்டின் அளவைப் பிற்காலத்தில் எவ்வளவு பொருள் கொடுத்தும் வாங்க இயலாது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை. உங்கள் வீட்டுப் பிள்ளை கடலியல் கற்க விரும்பினால், அதனால் என்ன வருவாய் என்று கேட்டு அவ்வார்வத்தை அணைத்துவிடாதீர்கள். கடலை நம்பி வாழ்ந்த குடிகளின் வழிவந்த பிள்ளை கடலை அளக்கப் புறப்படுவதில் பெருமையே அன்றி இழப்பில்லை.