சானி கணவாய்: ஜீப்பில் போகும் முன்

தோழர்களே, டர்பன் போறவங்க பலர் சானி கணவாய்க்கு ஃபோர்-வீல் ஜீப்பில் ஒருநாள் சுற்றுலா போறாங்க. கரடுமுரடான ஏற்றம், 2,800 மீட்டருக்கு மேலே லெசோத்தோ எல்லை. ஒரு பாசோத்தோ குடிசை, நாலு படம், ஒரு பியர். பொழுது சாயுமுன் கீழே.

லெசோத்தோ ஆண்கள் தலைமுறைகளாக எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தவர்கள். 1998 முதல் அந்நாட்டு மலைத் தண்ணீரும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. இப்போ அவர்களின் வறுமையும் நமக்குக் காட்சிப்பொருளா?

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அதை மறக்க வேண்டாம். போங்க, ஆனா ஜீப் காசில் மேலே இருப்பவர்களுக்கு எவ்வளவு சேருதுன்னு முதல்ல கேளுங்க. ஊர்க்காரரையே வழிகாட்டியா வச்சு, ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்க. படம் அப்புறம், பேச்சு முதல்ல.