காதைக் குடையலாமா?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். அன்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை. நீங்களும் மேல்வகுப்பில் இதைச் செய்வீர்கள். நீர் நிரம்பிய குழாயின் வாயருகே இசைக்கவையை அதிரவிட்டு, நீர்மட்டத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். நீருக்கு மேலுள்ள காற்றுத் தம்பத்தின் நீளம் சரியாக அமையும்போது ஒலி திடீரென்று ஓங்கிக் கேட்கும். 512 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட கவைக்கு ஏறத்தாழ 16 செ.மீ. நீளத்தில் இது நிகழும்.

நான் குனிந்து, குழாயின் வாயருகே வலது காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீர்மட்டம் 20 செ.மீட்டரைத் தாண்டிவிட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதிரே நின்ற மாணவன் தயங்கித் தயங்கி, "சார், அப்பவே கேட்டுச்சே!" என்றான். மீண்டும் செய்யச் சொல்லி, இடது காதைத் திருப்பினேன். தெளிவாகக் கேட்டது.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள் ஆற்றில் முங்கிக் குளித்ததிலிருந்தே வலது காது கும்மென்று அடைத்திருந்தது. பேனா மூடியின் கிளிப்பை நுழைத்துக் குடைந்து பார்த்தேன்; அடைப்பு அதிகமானதுதான் மிச்சம். அன்றிரவு வலியும் வந்துவிட்டது. தூக்கம் இல்லை. மறுநாள் காது மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் விளக்கு பொருத்திய கருவியால் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "குறும்பியை நீங்கள் வெளியே எடுக்கவில்லை. செவிப்பறை வரைக்கும் தள்ளிக் கெட்டித்து வைத்திருக்கிறீர்கள். போதாததற்குப் பக்கத்துத் தோலையும் கீறியிருக்கிறீர்கள்." கோயில் திருவிழாவில் வேட்டுக்குழாயில் கம்பியால் மருந்து கெட்டிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலையைத்தான் நான் பல ஆண்டுகளாக என் காதில் செய்துவந்திருக்கிறேன்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கே இந்த நிலை. ஆகவே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காதைக் குடைவது சுத்தமான பழக்கம் அன்று, கெட்ட பழக்கம். அதை நாம் விட வேண்டும். ஏன் என்பதை அறிவியலைக் கொண்டே பார்ப்போம்.

குறும்பி அழுக்கா?

காதிலிருந்து வருவதைப் பலர் அழுக்கு என்றே அழைக்கிறார்கள். அதற்குத் தமிழில் குறும்பி என்று நல்ல பெயர் உண்டு. காதின் துளையிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ளது. இதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே மெழுகு போன்ற பொருளைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அந்தச் சுரப்பும், எண்ணெய்ச் சுரப்பிகளின் கொழுப்பும், உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்ததே குறும்பி. இது தோலை வறளாமல் காக்கிறது. தண்ணீரை ஒட்டவிடாமல் தடுக்கிறது. உள்ளே வரும் தூசியைப் பிடித்துவைக்கிறது. சற்றே அமிலத்தன்மை உடையதாகையால், பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் வளர விடுவதில்லை.

இனி ஒரு வியப்பான செய்தி. காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது! உடலின் மற்ற இடங்களில் தோல் இருந்த இடத்திலேயே உதிர்கிறது. காதுக்குழலின் தோலோ, செவிப்பறையின் நடுவிலிருந்து வெளிவாயிலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. செவிப்பறைமேல் மையால் புள்ளி வைத்து, அது நாளுக்கு நாள் நகர்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதன் வேகம் ஏறத்தாழ நம் நகம் வளரும் வேகந்தான். நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது இதற்குத் துணை செய்கிறது. பழைய குறும்பி இந்த நகரும் தோலின்மேல் ஏறி, வாயிலுக்கு வந்து உதிர்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? வெளியே வந்துகொண்டிருப்பதைக் குச்சியால் உள்ளே தள்ளுகிறோம். சுரப்பிகள் வெளிப்பங்கில் மட்டும் இருக்கையில் குறும்பி செவிப்பறை வரை எப்படிப் போனது? பெரும்பாலும் நாம் தள்ளித்தான். பஞ்சு சுற்றிய குச்சியானாலும் இதே கதைதான். குறுகலான குழலில் அது பம்பின் பிஸ்டனைப் போலச் செயல்படுகிறது. பல உற்பத்தியாளர்கள் இன்று பெட்டியின்மேலேயே 'காதுக்குழலுக்குள் நுழைக்காதீர்' என்று அச்சிடுகிறார்கள். நாம்தான் அதைப் படிப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

செவிப்பறையின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. அவ்வளவுதான். நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அழுத்தம் ஒரு பாஸ்கலில் 50,000-இல் ஒரு பங்கு. காது வலிக்கும் அளவுக்குப் பெரிய ஒலியின் அழுத்தங்கூட ஏறத்தாழ 20 பாஸ்கல்தான். இப்போது ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிநுனியின் பரப்பு சுமார் 4 சதுர மி.மீ. குடையும்போது பின்னாலிருந்து யாரோ கையில் இடித்துவிடுகிறார்கள். 100 கிராம் எடைக்குச் சமமான, அதாவது ஏறத்தாழ 1 நியூட்டன் விசை அந்த நுனியில் விழுகிறது என்று கொள்வோம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. விடை: 2,50,000 பாஸ்கல்! வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டரை மடங்கு.

வெடிவிபத்துகளை ஆராய்ந்தவர்கள், அழுத்தம் 35,000 பாஸ்கல் அளவுக்குத் திடீரென உயர்ந்தாலே சிலருடைய செவிப்பறை கிழியத் தொடங்கும் என்கிறார்கள். வெடியின் அழுத்தம் செவிப்பறை முழுவதன்மேலும் படுகிறது. குச்சியின் அழுத்தம் ஓரிடத்தில் படுகிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒரு தீக்குச்சியும் ஒரு முழங்கை இடியும் போதும் என்பது தெளிவு. ஊசி, ஹேர்பின், சாவி முதலியவற்றின் நுனிப்பரப்பு இன்னும் குறைவு. அவற்றின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

"பாட்டி எண்ணெய் விடுவாரே?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் காய்ச்சிய எண்ணெய் விட்டவர்தான். அவர்கள் செய்ததில் ஒரு பாதி சரி. எண்ணெய் குறும்பியை இளக்கும். மருத்துவர்களும் எண்ணெய்த் துளிகளையோ சோடியம் பைகார்பனேட் கரைசலையோ தருவதுண்டு. தவறு மற்றப் பாதியில் இருக்கிறது. பூண்டைப் போட்டு எண்ணெய் சடசடக்கும்வரை காய்ச்சுகிறார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? பூண்டிலுள்ள நீர் கொதித்து ஆவியாவதால். அப்படியானால் எண்ணெயின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று பொருள். 60 டிகிரியே சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். ஆறும் முன்னே அவசரப்பட்டு விட்டால் என்ன ஆகும்? செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்கே போய்விடும்.

சூடு மட்டுமல்ல, குளிர்ச்சியும் தொல்லைதான். குளிர்ந்த நீரைக் காதில் பீய்ச்சினால் தலை சுற்றும். ஆஸ்திரிய மருத்துவர் ராபர்ட் பாரனி இதைக் கவனித்தார். காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் நோயாளிகளுக்குத் தலை சுற்றியது. உடல் வெப்பநிலையில் இருந்தால் சுற்றவில்லை. உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள நீர்மத்தில் வெப்பச்சலனம் ஏற்படுவதே காரணம் என்றார் அவர். உட்செவி பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. 1983-இல் விண்வெளியில், எடையற்ற நிலையில் செய்த சோதனையிலும் இதே விளைவு தோன்றியது. ஆகவே வெப்பச்சலனம் மட்டுமே காரணம் அன்று என்று பின்னர் தெரிந்தது. எப்படியாயினும், கண்டபடி காதைக் கழுவக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

கேட்காத காதில் பலமாகக் கேட்ட ஒலி

என் ஆய்வுக்கூடக் கதைக்குத் திரும்புகிறேன். அன்று வகுப்பு முடியுமுன் மாணவர்களுக்கு ஒன்று செய்து காட்டினேன். அதிரும் இசைக்கவையின் காம்பை என் நெற்றி நடுவில் ஊன்றி வைத்தேன். எந்தக் காதில் பலமாகக் கேட்டிருக்கும்? அடைத்திருந்த வலது காதில்! மாணவர்கள் நம்பவில்லை. நீங்களும் கவையில்லாமலே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காதின் வாயை மட்டும் விரலால் மெல்ல மூடிக்கொண்டு, வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று முனகுங்கள். ஒலி, மூடிய காதுப் பக்கம் போய்விடும். மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உட்செவிக்குச் செல்கிறது. காதுக்குழல் திறந்திருக்கும்போது அதில் எழும் அதிர்வின் ஒரு பகுதி வெளியே தப்பிவிடும். மூடினால் தப்ப வழியில்லை. இந்த அடிப்படையில் அமைந்த சோதனையை மருத்துவர்கள் இன்றும் இசைக்கவையைக் கொண்டே செய்கிறார்கள். ஆனால் அதை வைத்து நோயை முடிவு செய்வது நம் வேலையன்று, அவர்கள் வேலை.

குளித்ததும் காது ஏன் திடீரென்று அடைக்கிறது என்பதும் இப்போது புரியும். குறும்பி முக்கால் பங்கு அடைத்திருந்தாலும் கேட்கும் திறன் அதிகம் குறையாது. சற்றே திறந்த சன்னல் வழியே தெருச்சத்தம் வருவதைப்போல, மெல்லிய இடைவெளி வழியே ஒலி நுழைந்துவிடும். தண்ணீர் பட்டுக் குறும்பி ஊதினால் அந்தக் கடைசி இடைவெளியும் மூடிக்கொள்கிறது. உடனே செவிடு ஆனதுபோல் தோன்றுகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

தொந்தரவு ஒன்றும் இல்லையா? காதைச் சும்மா விட்டுவிடுங்கள். வெளிமடலைத் துண்டு நுனியால் துடைத்தால் போதும். அடைத்தாற்போல் இருக்கிறதா? வீட்டில் சொல்லுங்கள். மருத்துவர் சொன்ன துளிமருந்தை, புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து விடலாம். இளகாவிட்டால் அவரே தக்க கருவியால் எடுத்துவிடுவார். என் காதில் அதற்குச் சில நிமிடங்களே ஆயின.

வலியோ, சீழோ, காய்ச்சலோ, தலைசுற்றலோ, திடீர்ச் செவிட்டுத்தன்மையோ இருந்தால் எண்ணெய் உட்பட எதையும் விடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். காதுவலிக்கெல்லாம் குறும்பி காரணம் என்று நினைப்பதும் தவறு. சளி பிடித்த பிறகு நடுச்செவியில் புண் வரலாம். பேருந்தில் ஊட்டிக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காது வலிக்கலாம். எச்சிலை விழுங்கினால் யூஸ்டேஷியன் குழல் திறந்து அது சரியாகிவிடும். சொத்தைப் பல்லும் தொண்டைப் புண்ணுங்கூடக் காதில் வலிப்பதுபோல் காட்டும். இத்தனை காரணங்கள் இருக்கையில் குச்சி எதைச் சரிசெய்யும்?

கடைசியாக ஆசிரியர்களுக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. குழல் முழுவதும் அடைத்துவிட்டால் 30 முதல் 40 டெசிபல் வரை கேள்வி குறையலாம். இரண்டு காதும் அப்படி அடைத்த ஒரு மாணவனுக்குக் கடைசி பெஞ்சில் ஆசிரியரின் சாதாரணப் பேச்சு வெறும் முணுமுணுப்பாகவே கேட்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டான், கேள்வி கேட்டால் விழிப்பான். அவனை நாம் 'கவனமில்லாதவன்' என்று எழுதிவிடுகிறோம். நானும் அப்படிச் சிலரைத் திட்டியிருக்கிறேன். என் காது அடைத்த அந்த இரண்டு நாட்களில்தான் அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது என்ற எண்ணம் வந்தது. கண்ணைச் சோதிப்பதுபோல, ஆண்டுக்கு ஒரு முறையாவது பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் காதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய அரசின் பள்ளிச் சிறார் மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தில் செவிக்குறையும் சேர்ந்திருக்கிறது. மருத்துவக் குழு உங்கள் பள்ளிக்கு வரும்போது, "எனக்கு இந்தக் காது சரியாகக் கேட்கவில்லை" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கவில்லை என்று தோன்றினால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அவனை அழைத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

என் பேனாவின் மூடி இப்போது பேனாவின்மேல் மட்டுமே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தீக்குச்சிகளும் அடுப்பு பற்றவைக்க மட்டும் பயன்படட்டும்.