நேற்று நின்றவர், இன்று நாற்காலியில்

பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு அவ்வப்போது எழுகிறது: "நேற்று மஃரிபில் நின்றுதானே தொழுதார், இன்று என்ன வந்தது?" நீங்காத வலியின் இயல்பை அறியாதவர் கேட்கும் கேள்வி இது. ஆனால் இப்பேச்சுக்குக் கூசியே ஜமாஅத்தை விட்டு வீட்டில் தொழுவோர் உண்டு என்பதால், பேசாமல் விடுவதற்கில்லை.

தோணிரேவு முதலான பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் உடலை வருத்தாத தொழில் எது? நீரில் நின்று வலை இழுப்பவருக்கு முதுகும் தோளும் நோகின்றன. தரையில் அமர்ந்து பனையோலை முடையும் நம் பெண்களுக்குக் கழுத்தும் விரல்களும் முழங்காலும். 2006இல் தமிழகத்தை வாட்டிய சிக்குன்குனியாவோ, காய்ச்சல் போன பின்னும் பலருக்கு மூட்டுவலியை விட்டுச் சென்றது.

மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிப்பதை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கின்றனர். காயம் ஆறிய பின்னும் நரம்புகளும் மூளையும் எச்சரிக்கையைத் தணிக்காதிருப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே வலி திடீரென மூண்டெழுந்தால் உள்ளே புதிதாக ஏதோ சிதைந்துவிட்டது என்று எப்போதும் பொருளல்ல. உறக்கமின்மையோ மனக்கவலையோ ஒரே நாளில் செய்த மிகையான வேலையோ அதற்குப் போதும்.

நம்மிடம் மிகுதி அந்த மூன்றாவதுதான். வலி தணிந்த நாளில் ஒரு வாரத்து ஓலையையும் முடைந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் பாயில் கிடப்பது; எழுந்ததும் விட்டதைப் பிடிக்க மீண்டும் அதே ஓட்டம். அரை மணி நேரத்தில் வலி கூடுமெனில் இருபது நிமிடத்திலேயே எழுந்து சற்று நடக்க வேண்டும். நல்ல நாளிலும் அந்த அளவைத் தாண்டலாகாது, கடினம் இதுவே. வலி மூண்ட நாளில் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுதும் படுத்துவிட்டால் மூட்டுகள் இறுகிப்போகும்.

மஸ்ஜிதுந் நபவியில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. தொழுகையில் சோர்வுற்றால் பற்றிக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது. நபி (ஸல்) அவர்கள் அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். தெம்புள்ளவரை தொழட்டும், சோர்ந்தால் அமரட்டும் என்பது அவர்கள் கூறியதன் கருத்து. அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கோ, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழ வழிகாட்டினார்கள். இதில் நேற்றைய கணக்கு எங்கே வருகிறது? அந்த வேளையின் இயலாமையே அளவுகோல். இயன்றவர் சோம்பலால் கடமையான தொழுகையில் அமர்வது கூடாதுதான். ஆனால் அதை அறிபவன் அல்லாஹ்வே, பின் ஸஃப்பில் நிற்பவர் அல்லர்.

"பொறுத்துக்கொள், பாவம் உதிரும்" என்று நோயாளியிடம் கூறுகிறோம். உண்மைதான். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் அதே நபிதான் பணித்தார்கள். ஸப்ரைச் சிகிச்சைக்கு மாற்றாக்குவது எனக்கு உடன்பாடில்லை. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் சிகிச்சையாகாது. தொடர்ந்தால் அது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது, கேட்டுப் பெறுங்கள். கால் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு ஸஃப்பின் ஓரத்திலும் ஒரு நாற்காலி எப்போதும் இருக்கட்டும். வருபவர் அதைக் கேட்டு வாங்கும் நிலை வேண்டாம்.